விளையாட்டுப் பக்கம் எப்போது பாடம் ஆகிறது?

கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஆங்கில வகுப்பு முடியும் நேரம், வாசலில் காத்து நிற்கும் பெற்றோரின் பேச்சில் ஒரு குறை அடிக்கடி காதில் விழும். "புத்தகம் முழுக்கப் படமும் பாட்டும் விளையாட்டும்தான். கொப்பியில் ஒரு வரி இல்லை. எப்போதுதான் படிப்பிக்கப் போகிறார்கள்?" பக்கத்தில் நிற்கும் இன்னோர் அம்மாவோ, பாடத்துக்குப் பாடம் விளையாட்டு இருப்பதால்தான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன் என்பார். இருவரும் எதிரெதிராகப் பேசுவதாகத் தோன்றும். உண்மையில் இருவர் மனதிலும் இருப்பது ஒரே எண்ணம்: விளையாட்டு வேறு, பாடம் வேறு. ஒருவருக்கு விளையாட்டு பாடத்தின் நேரத்தைத் தின்கிறது; மற்றவருக்கு அது பாடத்தின் கசப்பைக் குறைக்கிறது.

இந்த எண்ணம்தான் பிழை. சரியாக அமைந்த விளையாட்டுக்குள் மொழிதான் நகர்வு. பிழையாக அமைந்த விளையாட்டில் மொழிக்கு வேலையே இல்லை. ஆகவே புத்தகத்தில் விளையாட்டு இருக்கிறதா என்று பார்ப்பதால் பயனில்லை. எந்த விளையாட்டு, அதில் ஆங்கிலம் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குச் சிறப்புப் பயிற்சி எதுவும் தேவையில்லை. ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர்கூடப் பக்கத்தைப் புரட்டியே கண்டுகொள்ளலாம்.

படம் வேறு, விளையாட்டு வேறு

இளம் பிள்ளைகளுக்கான பாடநூல்களில் விளையாட்டுப் பாடப்பொருள் என்று சொல்வது, பிள்ளை வெல்லவோ, ஊகிக்கவோ, நடிக்கவோ, ஒலியோடு கும்மாளம் போடவோ இடம் தரும் எதையும்தான். வித்தியாசம் கண்டுபிடிக்கும் இரட்டைப் படங்கள், தாயக்கட்டை உருட்டி ஆடும் பக்கங்கள், நொடிகள் என்னும் விடுகதைகள், கைதட்டிச் சொல்லும் பாட்டுகள், கடைக்காரரும் வாடிக்கையாளருமாக நடிக்கும் சிறு நாடகங்கள், நாக்கைப் புரட்டும் தொடர்கள், அர்த்தமில்லாத வேடிக்கைக் கதைகள் எல்லாம் இதில் அடங்கும்.

பளபளப்பான தாளும் கண்ணடிக்கும் முயல் படமும் இதில் சேரா. மொழிப் புத்தகத்தில் படம் போடுவது புதுமையும் அல்ல. செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் நியூரம்பேர்க்கில் வெளியிட்ட பாடநூலில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படமும், அதிலுள்ள பொருள்களுக்கு இலக்கமும், அவற்றின் பெயர்கள் லத்தீனிலும் ஜெர்மனிலும் இருந்தன. படம் பொருளைக் காட்டும். அது பெரிய உதவி. ஆனால் படத்தைப் பார்க்கும் பிள்ளை எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றமும் அங்கே இல்லை. அந்தப் பதற்றம் பிறக்கும் இடத்தில்தான் விளையாட்டு தொடங்குகிறது.

கிளித்தட்டில் ஓட்டம் போல

கிளித்தட்டு ஆடிய எவருக்கும் இது தெரியும். கோடுகளைக் காத்து நிற்பவர்களின் கையில் படாமல் ஒவ்வொரு தட்டாகக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். ஆடும் பிள்ளை, தான் ஓட்டப் பயிற்சி செய்வதாக நினைப்பதே இல்லை. அதன் கண் முழுவதும் எதிரே நிற்பவரின் கையில்தான். ஆனாலும் ஓடாமல், வளையாமல், சட்டென்று நின்று திரும்பாமல் அந்த ஆட்டத்தை ஆட வழியில்லை. மாலை முழுவதும் ஆடிய பிள்ளையின் கால்கள் பயிற்சி பெற்றுவிடுகின்றன. ஓட்டம் இந்த ஆட்டத்துக்குக் கொடுக்கும் விலை அல்ல. ஓட்டம்தான் ஆட்டமே.

நல்ல மொழி விளையாட்டில் ஆங்கிலத்துக்கு இதே இடம்தான். பிள்ளையின் கவனம் வெற்றியில் இருக்கும். வெற்றிக்குப் போகும் வழி மட்டும் ஆங்கில வாக்கியத்துக்கு ஊடாகப் போகும். எந்தப் பக்கத்தையும் ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: வாயையோ காதையோ ஆங்கிலத்துக்குத் திறக்காமல் இந்த ஆட்டத்தை வெல்ல முடியுமா? முடியும் என்றால், அது விளையாட்டாக இருக்கலாம், மொழி விளையாட்டு அல்ல.

ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருத்தல்

இந்தச் சோதனையில் தேறும் பக்கங்களை ஆராய்ந்தால் பெரும்பாலானவற்றில் ஒரே பொறிமுறை இருக்கும். அதற்குத் தகவல் இடைவெளி என்று பெயர். ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லை, அது இல்லாமல் அவரால் நகர முடியாது, கேட்டுத்தான் பெற வேண்டும் என்ற நிலைதான் அது. வாழ்க்கையில் நாம் கேள்வி கேட்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். வகுப்பறையில் மட்டும்தான் கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு "இது என்ன?" என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. கேட்பவருக்கும் பதில் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். பன்னிரண்டு பொம்மைகளின் படங்கள். சில சிவப்பு, சில நீலம். சில பெரியவை, சில சிறியவை. சில மேசையின் மேல், சில கதிரையின் கீழ். ஒரு பிள்ளை மனதுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்துகொள்ள வேண்டும். மற்றப் பிள்ளை, ஆம் அல்லது இல்லை என்ற பதில் மட்டும் வரக்கூடிய கேள்விகளைக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு வயது அக்காவும் ஆறு வயதுத் தம்பியும் இதை ஆடினால் இப்படித்தான் போகும். தம்பி எடுத்த எடுப்பில் "டோல்?" என்று ஒற்றைச் சொல்லை எறிவான். எல்லாமே பொம்மைதானே என்று அக்கா சிரிப்பாள். அடுத்து "ரெட்?" என்பான். "சரியாகக் கேள்" என்பாள் அக்கா. ஏனென்றால் புத்தகத்தில் விதி அப்படி இருக்கிறது, விதி என்றால் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க முடியாத விடயம். "இஸ் இட் ரெட்?" என்று வாக்கியம் முழுமையாக வரும். இல்லை என்ற பதில் கிடைத்ததும் அவன் விரல் சிவப்புப் பொம்மைகளை ஒவ்வொன்றாக மூடும். "இஸ் இட் பிக்?" ஆம். இப்போது மூன்றுதான் மிச்சம். "இஸ் இட் அண்டர் த செயார்?" என்று கேட்கும்போது குரல் உயர்ந்திருக்கும், ஏனென்றால் பதிலில் வெற்றி தொங்குகிறது.

அந்தச் சிறு நேரத்தில் என்ன நடந்தது? ஒரே கேள்வி அமைப்பை அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒவ்வொரு முறையும் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினான். பதிலைக் காது கொடுத்துக் கேட்டான், கேட்டதை வைத்து முடிவெடுத்தான். "இதைப் பத்துத் தரம் சொல்" என்று யாராவது கட்டளையிட்டிருந்தால் மூன்றாம் தரத்திலேயே அவன் கண் ஜன்னலுக்குப் போயிருக்கும்.

இதுவரை வந்ததை ஒரு மூச்சில் சொன்னால்: படம் இருப்பதால் பக்கம் விளையாட்டு ஆவதில்லை; விளையாட்டாக இருப்பதால் மொழி வளர்வதில்லை; ஆங்கிலம் இல்லாமல் நகர முடியாத ஆட்டமே வேலை செய்கிறது. அப்படி நகர முடியாமல் செய்வது பெரும்பாலும் தகவல் இடைவெளி.

மூளைக்குள் நடப்பது

பிள்ளைகள் மொழியைத் தனிச் சொற்களாக அடுக்கிக் கட்டுவதைவிட, சேர்ந்தே வரும் துண்டுகளாகத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். "இஸ் இட்" என்பது தம்பியைப் பொறுத்தவரை இரண்டு சொல் அல்ல, ஒரே ஒலி. இப்படி முழுதாக மனதில் தங்கும் கோவையை ஆயத்தத் தொடர் என்று வைத்துக்கொள்வோம். "கேன் ஐ ஹேவ்", "இட் இஸ் மை டேர்ன்", "ஐ டோன்ட் நோ" எல்லாம் ஆயத்தத் தொடர்கள்தான். இலக்கணம் இவற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து ஆசிரியர் விதியை விளக்கும்போது, ஏற்கெனவே நாவில் இருப்பதற்குப் பெயர் சூட்டுவதாகவே அது அமையும். "உன் முறை", "என் முறை" என்று ஆட்டத்துக்கே உரிய பேச்சு இந்தத் தொடர்களை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் ஆட்டத்துக்கு வேண்டிய வாக்கியங்களைப் பக்கத்தின் ஓரத்தில் அச்சிடும் புத்தகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இரண்டாவது வேலை, நினைவிலிருந்து வெளியே இழுப்பது. ஒரு சொல்லைப் பலமுறை பார்ப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து மீட்டெடுக்க முயலும்போது அது ஆழமாகப் பதிகிறது. கவிழ்த்து வைத்த அட்டைகளில் சோடி சேர்க்கும் ஆட்டம் பார்க்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் ஒவ்வோர் அட்டையையும் புரட்டுமுன் அதன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தால், அது மீட்டெடுத்தல் பயிற்சியாகிவிடுகிறது.

மூன்றாவது, வெறும் கணக்கு. 40 நிமிடப் பாடத்தில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது கேள்வியும் சேர்த்து ஒரு நிமிடம். மீதி 39 நிமிடம் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். சோடி சோடியாக 10 நிமிடம் ஆட விட்டால் ஒவ்வொரு பிள்ளையும் ஏறத்தாழ 5 நிமிடம் பேசுகிறது, மற்ற 5 நிமிடம் தனக்கு வேண்டிய பதிலைக் கவனித்துக் கேட்கிறது. அந்தப் பத்து நிமிடமும் வகுப்பில் இரைச்சல் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த இரைச்சலில்தான் நாற்பது வாய்களும் ஆங்கிலம் பேசுகின்றன.

ஒலியோடு விளையாடுதல்

பாட்டையும் கைதட்டுத் தொடர்களையும் பெற்றோர் மிக இலேசாக மதிப்பிடுகிறார்கள். தமிழ் பேசும் நம் பிள்ளைகளுக்கு அவைதான் மிகவும் அவசரமானவை என்பது என் எண்ணம்.

தமிழில் ஒரு சொல்லின் அசைகள் ஓரளவு சம பலத்தோடு ஒலிக்கின்றன. ஆங்கிலம் அப்படி இல்லை. ஓர் அசை ஓங்கும், அக்கம் பக்கத்து அசைகள் சுருங்கும். இதை அசையழுத்தம் என்பார்கள். வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லை நாம் "பனானா" என்று மூன்று அசையும் ஒரே உயரத்தில் வரச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் நடு "நா" மட்டும் நீண்டு ஓங்கும், முதல் "ப" ஏறக்குறைய விழுங்கப்படும். வாக்கியத்திலும் இதே கதைதான். முக்கியச் சொற்களில் தாளம் விழும், இடையிலுள்ள சிறு சொற்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். அந்தச் சிறு சொற்கள் தனியாகக் கேட்கும் என்று காத்திருப்பதால்தான் நம்மில் பலருக்கு வாசித்தால் புரியும் ஆங்கிலம் காதால் கேட்டால் புரிவதில்லை.

இதை விளக்கி ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்க முடியாது. கைதட்ட வைத்தால் போதும். தட்டு விழும் இடத்தில் ஓங்கிச் சொல்ல வேண்டும், அடுத்த தட்டுக்குள் மற்றச் சொற்களை எப்படியாவது அடக்கிவிட வேண்டும் என்பதுதான் ஆட்டம். அமெரிக்க ஆசிரியை கரோலின் கிரகாம் 1970களில் நியூயோர்க்கில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தபோது, அன்றாடப் பேச்சு ஆங்கிலத்தை ஜாஸ் தாளத்தில் சொல்ல வைக்கும் முறையை உருவாக்கினார். இன்று சிறுவர் பாடநூல்களில் வரும் தாளத் தொடர்கள் பலவற்றில் அந்த வழியைக் காணலாம்.

ஆகவே பாட்டுப் பக்கத்தை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவும் ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்தவில்லை. அதைத் தாளத்தோடு சத்தமாகச் சொல்ல வேண்டும். மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு காதோடு காதாக. பொருள் புரியாத பாட்டானாலும் பரவாயில்லை. அதில் பிள்ளை படிப்பது ஒலியின் நடையை.

பயம் வாயைக் கட்டும்

கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், பஸ்ஸிலும் கடையிலும் சிங்களமும், வகுப்பில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறது. மூன்று மொழி காதில் விழுவது பெரும் செல்வம். ஆனால் இந்த ஊரில் ஆங்கிலத்துக்கு மட்டும் ஒரு தனி அந்தஸ்து ஒட்டியிருக்கிறது. பிழையாகப் பேசினால் மதிப்புப் போய்விடும் என்ற கூச்சம் பெரியவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது, பிறகு பிள்ளைகளுக்கும் தொற்றுகிறது.

பதற்றமும் கூச்சமும் கூடும்போது, கேட்ட மொழிகூட உள்ளே இறங்காது என்ற கருத்தை அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீவன் கிராஷன் 1980களில் பரவலாக்கினார். அதற்கு உணர்ச்சி வடிகட்டி என்று பெயர். அதை அளப்பது எப்படி என்று கேட்டு அறிஞர்கள் பலர் விமர்சித்திருக்கிறார்கள். இருந்தாலும் வகுப்பறையில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமானதல்ல: எழுந்து நிற்கச் சொன்னால் வாய் திறக்காத பிள்ளை, ஆட்டத்தில் தன் முறை வந்ததும் கத்துகிறது.

நடித்தல் இதில் இன்னொரு படி மேலே போகிறது. ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் ஆற்றிய விரிவுரையில், விளையாடும் பிள்ளை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றார். கடைக்காரராக நடிக்கும் பிள்ளை கடைக்காரரின் குரலில், கடைக்காரரின் தைரியத்தில் பேசுகிறது. பிழை வந்தால் அது கடைக்காரருடைய பிழை. தன் பெயரில் பேசும்போது வராத நீண்ட வாக்கியம் அப்போது வரும்.

விதிகளைத் தமிழில் விளக்கலாமா என்று ஆசிரியர்கள் தயங்குவதுண்டு. தாராளமாக விளக்கலாம். ஆட்டம் எப்படி என்று புரியாமல் விழிப்பதில் யாருக்கும் லாபமில்லை. நகர்வுகள் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். "களவு செய்கிறாய்" என்று தமிழில் சண்டை போடுவதையும் விட்டுவிடுங்கள். ஆட்டத்தில் உயிர் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

விளையாட்டுப் போலத் தெரியும் பக்கங்கள்

இனி, சோதனையில் தவறும் பக்கங்கள். எழுத்துக் கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் சொற்களை வட்டமிடச் சொல்வது மிகப் பிரபலம். பிள்ளை அமைதியாக இருக்கும், ஆசிரியருக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் பக்கத்தில் சொற்பட்டியல் கொடுத்திருந்தால், பொருளும் தெரியாமல் உச்சரிப்பும் தெரியாமல் எழுத்தின் வடிவத்தைப் பொருத்தியே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம். இதைத் திருத்துவது எளிது. பட்டியலை ஒரு தாளால் மூடிவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் வாயால் ஒரு குறிப்புச் சொல்லுங்கள். உடனே அது நொடியாகிவிடும்.

நிறம் தீட்டும் பக்கமும் இப்படித்தான். பேசாமல் தீட்டினால் அது சித்திரப் பாடம். மேசைக்குக் கீழே இருக்கும் பூனைக்குப் பச்சை, கதவுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு மஞ்சள் என்று ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டுத் தீட்டினால் அது கேட்டல் பயிற்சி. பக்கம் அதேதான்.

பாம்பும் ஏணியும் சற்று நுட்பமானது. கட்டத்தில் வரும் படத்துக்கு ஒரு வாக்கியம் சொன்னால்தான் காயை நகர்த்தலாம் என்று புத்தகங்கள் விதி வைக்கின்றன. ஒன்றும் இல்லாததற்கு இது மேல். ஆனாலும் இங்கே வெற்றியைத் தீர்மானிப்பது தாயக்கட்டைதான். வாக்கியம் கட்டணம் போலச் செலுத்தப்படுகிறது, அதை எதிராளி காதில் வாங்க வேண்டிய தேவை இல்லை. திருப்பிப் பார்க்கும் பழைய பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், புதிய பாடத்துக்குப் போதாது.

கட்டளையைக் கேட்டு உடலை அசைக்கும் ஆட்டம் தேறக்கூடியது. மொழியை உடலசைவோடு சேர்த்துக் கற்பிக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வளர்த்தெடுத்தார். பேசத் தயாராகாத பிள்ளையும் புரிந்துகொண்டதைக் காட்ட இதில் வழி இருக்கிறது. ஆனால் பின்வரிசையைக் கவனியுங்கள். பாதிப் பேர் காதால் கேட்காமல் முன்னால் நிற்பவரின் கையைப் பார்த்து ஆடுகிறார்கள். கண்ணை மூடச் சொல்லுங்கள், அல்லது வாயால் ஒன்றைச் சொல்லிக் கையால் வேறொன்றைச் செய்யுங்கள். யார் கேட்கிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

சுருக்கமாக: ஒரு பக்கம் தேறாவிட்டால் அதைக் கிழிக்க வேண்டியதில்லை. விடையை மறைப்பது, பார்ப்பதைக் கேட்பதாக மாற்றுவது ஆகிய இரண்டும் பெரும்பாலான பக்கங்களைக் காப்பாற்றிவிடும்.

பனிமனிதனும் இறால் வடையும்

செப்டெம்பரில் கொழும்புச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் வெளிநாட்டுச் சிறுவர் ஆங்கிலப் பாடநூல்களைப் பார்க்கலாம். தாளும் அச்சும் அருமையாக இருக்கும். அவற்றின் விளையாட்டுகளிலோ பனிமனிதனும், கையுறையும், இலையுதிர்காலமும் வரும். பிள்ளை இவற்றை அறிந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவில் பொருளே தெரியாவிட்டால் ஊகிக்க வழியில்லை. ஆட்டம் நின்றுபோகும். நடிப்புக்கு இது இன்னும் பொருந்தும். காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கும் காட்சியைக் கொடுத்துப் பாருங்கள். விலை கேட்பது, காரம் அதிகமா என்று கேட்பது, மிச்சக் காசு கேட்பது எல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த நாடகம். ஆங்கிலம் மட்டும்தான் புதியது. ஆட்டத்தின் அமைப்பை வைத்துக்கொண்டு அட்டையில் உள்ள படங்களை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

கொப்பியில் ஒன்றும் இல்லையே?

நம் நாட்டில் 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைச் செயற்பாடுகள் வழியாக வாய்மொழியாக அறிமுகப்படுத்தியது. பாடநூலுடன் முறையான ஆங்கிலப் பாடம் தரம் 3இல் தொடங்கும்படி அது வைத்தது. முதலில் காதும் வாயும், பிறகு எழுத்து என்பதுதான் இதன் நோக்கம். ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் வீட்டுக்குள் மிக முன்னதாகவே விழுந்துவிடுகிறது. எழுதிய பக்கங்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் ஆங்கிலத்துக்கும் வந்துவிடுகிறது.

பெற்றோரின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. விளையாட்டால் எல்லாம் ஆகாது. ஆங்கில எழுத்துக்கூட்டு ஒலியோடு ஒத்துப்போவதில்லை. அதைக் கண்ணால் பார்த்து, கையால் எழுதித்தான் பழக வேண்டும். சொல்வதெழுதலுக்கும் அமைதியாக வாசிப்பதற்கும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். ஆடிய உடனேயே, ஆட்டத்தில் சொன்ன வாக்கியங்களில் மூன்றை எழுதச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அது மிக நல்ல வழக்கம். வாய் அறிந்த வாக்கியத்தை எழுதும்போது கைக்கு எழுத்துக்கூட்டு மட்டும்தான் சுமை.

ஆட்டம் ஆடிய நாளில் பிள்ளை எதையாவது கற்றதா என்று வீட்டில் அறிய விரும்பினால் "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்க வேண்டாம். "விளையாடினோம்" என்ற பதில்தான் வரும், உங்கள் கவலையும் கூடும். புத்தகத்தை விரித்து, அந்த ஆட்டத்தை உங்களுக்குப் பழக்கச் சொல்லுங்கள். விதியைத் தமிழில் விளக்கட்டும். பிறகு இருவரும் ஆடுங்கள். வாக்கியத்தைத் தேடாமல் சொல்கிறதா, உங்கள் பதிலைக் கேட்டு அடுத்த கேள்வியை மாற்றுகிறதா என்று கவனியுங்கள். இடையில் நீங்களே "ரெட்?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்டுப் பாருங்கள். "அப்படி இல்லை, முழுதாகக் கேட்க வேண்டும்" என்று பிள்ளை உங்களைத் திருத்தினால் அந்த வாக்கியம் அதற்குச் சொந்தமாகிவிட்டது. திருத்தாவிட்டால் அதே பக்கத்தை அடுத்த வாரமும் ஆடலாம்.